காப்புக் கட்டிய ஊரில் ஷிப்ட் பேசப் போனேன்

"எனக்குச் சாப்பாடு வேண்டாம் பேச்சியக்கா. ஒரு கலர் மட்டும் போதும்."

இவ்வளவுதான் சொன்னேன். இலையில் சோற்றைத் தட்டப்போன கரண்டி அந்தரத்தில் நின்றது. வெளியே காளியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் மட்டும் தன்பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். புரட்டாசிப் பொங்கல் வைத்து, மறுநாள் கிடா வெட்டிய புதன்கிழமை. புரட்டாசியில் கறியா என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். பெருமாளுக்கு அவருடைய சனிக்கிழமை இருக்கிறது, எங்கள் பக்கத்துக் காளியம்மனுக்குச் செவ்வாயும் புதனும் இருக்கின்றன. இருவருக்குள்ளும் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பாட்டிலில் வரும் குளிர்பானம் எதுவானாலும் எங்கள் பக்கம் அதற்குக் கலர் என்றுதான் பெயர். கருப்பாக இருந்தாலும் கலர்தான், தண்ணீர் மாதிரி இருந்தாலும் கலர்தான்.

எங்கள் காலண்டர் கம்பெனியில் அட்டை ஒட்டுகிற முத்துலட்சுமி வாசல் பக்கம் நின்றிருந்தாள். கம்பெனியில் நான்கு வார்த்தை சேர்த்துப் பேசாத பெண். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கலருதான கேக்காக, வாங்கிட்டு வாங்க. ஆனா மூடியைத் தொறந்துறாதீக. அவுகளே தொறந்துக்கிடட்டும்."

"ஆமா ஆமா, அதான் சுத்தம்" என்றேன் நான், சிரித்துக்கொண்டே.

ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சியக்கா கரண்டியைத் திரும்பவும் சோற்றுச் சட்டியிலேயே வைத்துவிட்டார்.

நான் ஏன் அப்படி உளறினேன் என்று சொல்ல வேண்டுமானால், மதுரையில் ஒரு ஓட்டலின் குளிர்ந்த அறையிலிருந்து தொடங்க வேண்டும்.

கோட்டு போட்டவர் சொன்ன வித்தைகள்

நான் மேனேஜர் ஆன கதையைப் போன வாரமே எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். வருஷங்கள் ஓடின. பழைய மேனேஜர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட, அந்த நாற்காலி எனக்கு வந்தது. அதில் உட்கார்ந்த முதல் பெண் நான். நாற்காலியின் மெத்தை இன்னும் பழைய மேனேஜரின் அளவில்தான் குழிந்திருந்தது.

அந்த நாற்காலியின் மேல் இன்னொருவருக்கும் கண். எங்கள் சின்ன முதலாளியின் மச்சினர். எப்போது அறைக்குள் வந்தாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டார், நாற்காலியைத்தான் பார்ப்பார். "மேடம், சவுரியமா இருக்கா?" என்று அவர் கேட்டால் எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும்.

சின்ன முதலாளி நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். நல்ல பையன். வந்த புதிதில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், காலம் மாறிடுச்சு. இனிமே அதட்டி வேலை வாங்க முடியாது, பேசித்தான் வாங்கணும். மதுரையில ஒரு ட்ரெய்னிங் நடக்குது. தலைமைப் பண்பு, பேச்சுவார்த்தை எல்லாம் சொல்லித்தர்றாங்க. நீங்க போயிட்டு வாங்க."

போனேன். எங்கள் வட்டாரமே அங்கே உட்கார்ந்திருந்தது. பட்டாசுக் கம்பெனி போர்மேன்கள், தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள், அச்சகத்துக்காரர்கள். வெயிலில் வாட்டியே வளர்த்த உடம்புகள் ஏசியில் நடுங்கின. எனக்குப் பக்கத்தில் இருந்த போர்மேன் தோள்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்.

பயிற்சி கொடுத்தவர் கோட்டு போட்டிருந்தார். அவருக்கு மட்டும் வியர்த்தது.

"உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரின் உண்மையான தேவை என்ன? அதைக் கண்டுபிடிப்பவர்தான் தலைவர்" என்றார் அவர். "நீங்கள் சொல்லுங்கள் சார், உங்கள் தொழிலாளியின் தேவை என்ன?"

போர்மேன் எழுந்து நின்றார். "அடுத்த வாரம் லீவு சார்."

அரங்கமே கைதட்டியது.

ஆனாலும் நான் வகுப்பில் கவனமாகத்தான் இருந்தேன். அவர் சொன்ன வித்தைகள் எனக்குப் பிடித்திருந்தன. குறை சொல்லும் முன் பாராட்டு, பின்னாலும் பாராட்டு. எதிரில் இருப்பவர் எப்படி உட்கார்கிறாரோ அப்படியே நீயும் உட்கார், அவருக்கு உன் மேல் நம்பிக்கை வரும். பேச்சுவார்த்தையில் பேசாமல் இரு, முதலில் வாய் திறப்பவர் விட்டுக்கொடுப்பார். அவர்களுடைய இடத்துக்குப் போய்ப் பேசாதே. பசியோடு பேச உட்காராதே, பசித்தவன் எதற்கும் தலையாட்டுவான்.

கடைசியாக ஒன்று சொன்னார். இந்தப் பேச்சு முறிந்தால் உனக்கு வேறு வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள். வேறு வழி இருப்பவர் கைதான் மேலே.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் அம்மாவின் வாளி ஞாபகம் வந்தது.

வாளிக்கு நடந்த வியாபாரம்

விருதுநகரில் எங்கள் தெருவுக்குப் பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பவர் ஒருவர் வருவார். அம்மாவுக்கும் அவருக்கும் நடக்கும் பேரத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள்.

அப்பாவின் பேண்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, அம்மா பெரிய வாளியைக் கேட்பாள். அவர் ஒரு டம்ளரை நீட்டுவார். "இதுக்கு எங்க வீட்டுக்காரரு பேண்டு போடாமலே இருந்திருக்கலாம்" என்று அம்மா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே நின்று கதவில் காதை வைத்திருப்பாள். "யக்கா, கோவிச்சுக்காதீக, வாங்க" என்று குரல் வந்ததும் சிரித்துக்கொண்டு திறப்பாள்.

ஒரு தடவை குரல் வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். கதவைத் திறந்து பார்த்தால் தெருவே காலி. கையில் பேண்டுகளோடு அம்மா தேசபந்து மைதானம் பக்கம் ஓடியதை இன்றைக்கும் எங்கள் தெருவில் சொல்வார்கள். வீட்டு வாளி ஓட்டை, அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரும் நாள். அவருக்கு இன்னும் நூறு தெரு இருந்தது, அம்மாவுக்கு அவரை விட்டால் வாளி இல்லை.

டம்ளரோடு திரும்பி வந்தாள். அந்த டம்ளரில்தான் ரொம்ப நாள் மோர் குடித்தோம்.

பாராட்டினால் பயந்தார்கள்

மதுரையிலிருந்து வந்த மறுநாளே வித்தைகளை இறக்கிவிட்டேன்.

முத்துலட்சுமி ஒட்டிய அட்டையில் சாமி படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. முன்பு என்றால் "முருகனுக்குக் கழுத்து சுளுக்கியிருச்சா?" என்று கேட்டிருப்பேன். அவளும் சிரித்துவிட்டுச் சரி செய்திருப்பாள். இப்போது புது முறை. "முத்துலட்சுமி, உன் வேலை எப்பவுமே அருமை. இந்தப் படம் மட்டும் லேசாச் சாஞ்சிருக்கு. ஆனா உன்னை மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மதியத்துக்குள் கம்பெனி முழுக்கச் சேதி பரவியது: மேனேஜரம்மா எல்லாரையும் பாராட்டுறாக, ஆளைக் கழிக்கப் போறாக.

அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அந்த வாரம்தான் கம்பெனிக்குப் புது மெஷின் வந்து இறங்கியிருந்தது. தேதித் தாள்களை அடுக்கி, கட்டாகத் தைத்துக் கொடுக்கும் மெஷின். தார்ப்பாய் போர்த்தி, எலுமிச்சம்பழம் கட்டி, ஒரு மூலையில் நின்றது. அதைத் தாண்டிப் போகிற பெண்களெல்லாம் மாமியாரைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்தது பேச்சியக்கா. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வருபவர். அந்த வேனில் வரும் பெண்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் செய்வது போலவே நானும் செய்தேன். அவர் கன்னத்தில் கைவைத்தார், நானும் வைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார், நானும் சொறிந்தேன்.

"உங்களுக்கும் பேனா மேனேஜரம்மா?" என்று அனுதாபமாகக் கேட்டார். "வேப்பெண்ணெய் தேச்சுப் பாருங்க. எங்க வீட்டுல அம்புட்டும் செத்துப்போச்சு."

நம்பிக்கை வந்ததா தெரியாது, மறுநாள் ஒரு சீசாவில் வேப்பெண்ணெய் வந்தது.

வேன் திரும்பும் திசை

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஆளை வேலைக்கு எடுப்பதில்லை, வேனை வேலைக்கு எடுக்கிறோம். காலையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் ஒரு குடும்பம் மாதிரி. ஒருத்திக்கு மனம் கோணினால் வேனுக்கே கோணும். அப்புறம் அது உங்கள் கம்பெனி வாசலுக்கு வராது. வெம்பக்கோட்டை ரோட்டில் எத்தனை பட்டாசுக் கம்பெனி! தீபாவளி சீசனில் ஒவ்வொரு கேட்டிலும் ஆள் நின்று வேனைக் கைகாட்டி நிறுத்துவார்கள்.

சின்ன முதலாளி தேதி குறித்துவிட்டார். ஆந்திராவுக்கான காலண்டர் லோடு தீபாவளிக்கு முன்னால் போயாக வேண்டும். மெஷின் ஓட வேண்டும். அதற்கு இரண்டாவது ஷிப்ட் வேண்டும், ராத்திரி பத்து மணி வரைக்கும்.

"பேசி ஒத்துக்க வைங்க மேடம். ட்ரெய்னிங் போயிட்டு வந்திருக்கீங்கல்ல?" என்றார். பின்னால் நின்ற மச்சினர் நாற்காலியைப் பார்த்தார்.

பேச்சியக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே வரியில் முடித்தார்.

"ஊர்ல காப்புக் கட்டியாச்சு மேனேஜரம்மா."

பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும். வெளியூரில் ராத்தங்கக் கூடாது. சரி, அந்த ஊர்ப் பொங்கல் முடிந்தால் காப்பு அவிழ்ந்துவிடுமே என்றால், அந்த வேன் பல ஊர் வேன். ஒரு ஊர் அவிழ்க்கும்போது அடுத்த ஊர் கட்டும். கணக்குப் பார்த்தால் புரட்டாசி முழுக்க அந்த வேனுக்கே காப்புக் கட்டியிருந்தது.

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாய் திறப்பவர் விட்டுக்கொடுப்பார் அல்லவா?

பேச்சியக்காவும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. ஏசி நன்றாக வேலை செய்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல அவர் கண் மூடியது, தலை சாய்ந்தது. பிறகு குறட்டை வந்தது. விடிய எழுந்து சோறாக்கி வேன் ஏறி வந்த மனுஷி, இப்படி ஒரு இடம் கிடைத்தால் தூங்காமல் என்ன செய்வார்? எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. முதலில் வாய் திறந்தது நான்தான், அதுவும் கொட்டாவி விட.

கண் விழித்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இங்கன உக்காந்து பேசுனா இது ஆகாது. புதன்கெழமை எங்க ஊருக்கு வாங்க. கறிச்சோறு சாப்பிட்டுட்டுப் பேசுவோம். அங்கன எல்லாரும் இருப்பாக. வியாழக்கெழமை வேன் இங்கிட்டு வருமா, அங்கிட்டுத் திரும்புமான்னு அன்னைக்கே தெரிஞ்சிரும்."

வேன் அங்கிட்டுத் திரும்பினால் லோடு இல்லை. லோடு இல்லை என்றால் நாற்காலி இல்லை. இந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு நாற்காலி இரண்டாம் தடவை கிடைக்காது. எனக்கு ராத்திரியெல்லாம் அம்மாவின் வாளிதான் கனவில் வந்தது.

மூடி திறக்காத பாட்டில்

அவர்களுடைய இடத்துக்குப் போகாதே என்றார் கோட்டு போட்டவர். போகாமல் வழியில்லை. பசியோடு போகாதே என்றாரே, அதையாவது காப்பாற்றுவோம் என்று வீட்டில் இட்லி வேகவைத்து, போதும் போதும் என்கிற வரை சாப்பிட்டேன். "கறிச்சோத்துக்குப் போறவ இட்லி தின்னுட்டாடி போவா? கிறுக்கச்சி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் பேச்சியக்கா வீட்டில் இலை போட்டதும், தொண்டைவரை நின்ற இட்லி என் வாயால் பேசியது: கலர் மட்டும் போதும்.

முத்துலட்சுமி மூடியைப் பற்றிச் சொன்னதும், நான் சிரித்ததும், கரண்டி திரும்பிப் போனதும் முதலிலேயே சொன்னேன். அதற்கப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். விசேஷ வீட்டுக்குப் போய், கலர் மட்டும் போதும் என்றால், உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று பொருள். உன் வீட்டுச் சோறு ஆகாது, உன் வீட்டுத் தண்ணீரும் ஆகாது, கம்பெனி அடைத்த பாட்டில் மட்டும் ஆகும். ஏன் ஆகாது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்த காரணம் அது. இவர்கள் முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு சூப்பர்வைசர் இப்படித்தான் பொங்கலுக்கு வந்து, மூடியைத் தானே திறந்து குடித்துவிட்டுப் போனாராம். அடுத்த வாரத்திலிருந்து அந்த வேன் எங்கள் வாசலுக்கு வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாட்டிலும் வந்துவிட்டது, மூடியோடு. முத்துலட்சுமி அதை என் முன்னால் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

"பேச்சியக்கா, வயிறு முட்ட இட்லி தின்னுட்டு வந்துட்டேன்" என்றேன். "பசியோட பேசப் போகாதன்னு ட்ரெய்னிங்ல சொன்னாக. அதான். வேற ஒண்ணும் இல்லக்கா, சத்தியமா. சோத்தைப் போடுங்க."

பேச்சியக்கா என்னை உற்றுப் பார்த்தார். "பொங்கலுக்கு வாரவுக இட்லி தின்னுட்டா வருவாக? யாரு அந்தக் கிறுக்கன் சொன்னது?"

"கோட்டு போட்ட ஒருத்தரு."

"அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தெரியலக்கா."

"ஆகியிருக்காது" என்றார் தீர்மானமாக. கரண்டி மறுபடி மேலே வந்தது. சோறு விழுந்தது. அதன் மேல் ஈரல், எலும்பு, குழம்பு. இடுப்புச் சேலையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, அம்மனை வேண்டிக்கொண்டு, கையை நனைத்தேன்.

வாய் நிறையக் கறி

ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் சாப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருவில் எங்கள் வேன் பெண்கள் வீடுகள் வரிசையாக இருந்தன.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இலை, ஒவ்வொரு இலையிலும் ஒரு கோரிக்கை. இரண்டாம் வீட்டில் சொன்னார்கள்: "கடைசி ஊரு காப்பு அவுக்குற வரைக்கும் ராத்திரி ஷிப்ட் கூடாது மேனேஜரம்மா." என் வாயில் எலும்பு. தலையாட்டினேன். மூன்றாம் வீட்டில்: "ஷிப்ட் வந்ததுக்கப்புறம் வேனு ரோட்டுல எறக்கிவிட்டுட்டுப் போகக் கூடாது. தெருவுக்குள்ள வரணும்." வாயில் ஈரல். தலையாட்டினேன். அதற்கடுத்த வீட்டில்: "மெஷினு வந்துருச்சுன்னு ஒருத்தரையும் நிறுத்தக் கூடாது. எங்களுக்கே சொல்லிக்குடுத்து எங்களையே ஓட்ட விடணும்." விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் தலையாட்டினேன்.

பசித்தவன் எதற்கும் தலையாட்டுவான் என்றார் கோட்டு. வாய் நிறையக் கறி வைத்திருப்பவள் அதற்கு மேல் ஆட்டுவாள் என்று அவருக்குத் தெரியாது.

ஆனால் நானும் மிளகாய் வத்தலுக்குப் பேரம் பேசும் விருதுநகரில் பிறந்தவள்தான். ஒரு வீட்டில், வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, பேச்சியக்காவைப் பிடித்தேன். அவரும் வீடு வீடாகக் கூடவே வந்துகொண்டிருந்தார்.

"யக்கா, நான் எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். ஆந்திரா லோடு போகாட்டி நான் சொன்ன சரிக்கு மரியாதை இல்ல. காப்புக்கு ராத்திரிதான் ஆகாது. விடியக்காலம் ஆகுமா?"

பேச்சியக்கா மோவாயைத் தடவினார். நான் தடவவில்லை, கை எச்சில்.

"ராத்தங்கக் கூடாதுன்னுதான் கட்டு" என்றார் மெதுவாக. "வெள்ளனக் கெளம்பக் கூடாதுன்னு இல்ல."

"அப்ப ஷிப்டை முன்னால இழுப்போம். இருட்டுல வாங்க, வெளிச்சத்துல போங்க. லோடு போற வரைக்கும்."

கொஞ்ச நேரம் தெருவே கூடிப் பேசியது. பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, யார் வீட்டு ஆம்பளை சோறாக்குவான் என்றெல்லாம் சண்டை. ஒரு வீட்டுக்காரர் "எனக்கு வெந்நீர்தான் வைக்கத் தெரியும்" என்றார். "அதையும் அடிப்பிடிக்க விடுவாரு" என்றாள் அவர் பெண்டாட்டி. கடைசியில் சரி என்றார்கள். நான் நிம்மதியாக ஒரு ஏப்பம் விட்டேன். அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி வீடு

தெருக்கோடியில் முத்துலட்சுமி வீடு. ஒற்றை அறை. அவளும் இலை போட்டாள். ஒரு பிடி சோறு, ஒரே ஒரு துண்டு. என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ.

நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"உனக்கு என்ன வேணும் முத்துலட்சுமி? எல்லாரும் கேட்டாச்சு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"சும்மா சொல்லு."

அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுட்டீக. நாளைக்கு மத்தியானம் நான் தூக்குவாளியோட உங்க ரூமுக்கு வந்து உக்காந்து சாப்பிடட்டுமா?"

என் வாயில் அப்போது கறி இல்லை. தலையாட்டித் தப்பிக்க முடியாது.

எங்கள் கம்பெனியில் ஆபீஸ் ஆட்களுக்கு மேசை, மின்விசிறி. எனக்குத் தனியாக ஏசி அறை. வேன் பெண்கள் குடோனுக்குப் பின்னால், காகிதக் கழிவு மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் போட்ட உத்தரவு இல்லை அது. ஆனாலும் அப்படித்தான் நடந்தது. இத்தனை வருஷமாக அந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன், எனக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. அவளுக்குத் தினமும் பட்டிருக்கிறது.

"வா" என்றேன். கண் கலங்கிவிட்டது. குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"எங்க வீட்டுக் கொழம்புல காரமே இல்லையே" என்றாள் அவள், அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்து.

மதியம்

வியாழக்கிழமை இருட்டோடு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். வயிறு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. திருத்தங்கல் ரோட்டில் விளக்கு தெரிந்தது. எங்கள் வேன்தானா, பால் வண்டியா என்று கேட்டைவிட்டு இறங்கி நின்று பார்த்தேன். வண்டி வேகம் குறைந்து, எங்கள் பக்கம் திரும்பியது. முன்சீட்டில் பேச்சியக்கா, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு.

பத்து மணிக்குச் சின்ன முதலாளி வந்தார். தெருவில் நான் ஒத்துக்கொண்டதையெல்லாம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு மேடம் ஒத்துக்கிட்டீங்க? மெஷின் ஓட்ட மதுரைலருந்து ஆள் வரச் சொல்லியாச்சு. அஞ்சு பேரைக் குறைக்கலாம்னு இருந்தேன். ட்ரெய்னிங்குக்கு அனுப்புனா அவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

"வேன் வந்திருக்கு. வேலை நடக்குது. காதைக் கொடுத்துக் கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். கீழே ஆள் சத்தமும் வேலைச் சத்தமும் கலந்து வந்தது. "மத்தியானம் பேசுவோம். ஆனா ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க" என்று போனார். மச்சினர் என் நாற்காலியின் கைப்பிடியை மெல்லத் தடவிவிட்டுப் பின்னாலேயே போனார்.

மதியம் கதவு தட்டப்பட்டது. முத்துலட்சுமி, தூக்குவாளியோடு. பின்னால் பேச்சியக்கா. அவருக்குப் பின்னால் வேனே நின்றது. ஒருத்தியைத்தான் நான் வரச் சொன்னேன். ஆனால் முதலிலேயே சொன்னேனே, எங்கள் பக்கம் ஒருத்தி என்று யாரும் கிடையாது.

நாற்காலியை எல்லாம் ஓரம் கட்டினோம். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். அறையில் கருவாட்டு வாசனை. ஏசி திணறியது. நான் பேச்சியக்காவுக்கும் முத்துலட்சுமிக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சின்ன முதலாளி கதவைத் திறந்தார்.

எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். பெண்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். நான்கூட எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் வரவில்லை.

"உக்காருங்கடி" என்றார் பேச்சியக்கா. "நவுந்து எடம் குடுங்க. மொதலாளி நிக்காகல்ல?"

நகர்ந்தார்கள். ஒரு ஆள் உட்காரும் இடம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வித்தையும் செய்யவில்லை, சோற்றைப் பார்த்துக்கொண்டேன். உட்காராமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நிர்வாகம் படித்த முழங்கால்கள் இரண்டு பக்கமும் இடித்தன.

முத்துலட்சுமி தூக்குவாளி மூடியில் கொஞ்சம் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிசைந்தார். சாப்பிட்டார். காரத்தில் மூக்கை உறிஞ்சினார்.

யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "சரி, அந்த மெஷினைக் கத்துக்கிறது யார் யாரு?"

முத்துலட்சுமிதான் முதலில் கை தூக்கினாள், சோற்றுக் கையோடு. அப்புறம் ஒவ்வொன்றாக அறை முழுக்கக் கைகள், குழம்பு வழிய.

"நீங்களுமா மேடம்?" என்றார் அவர்.

அப்போதுதான் பார்த்தேன். என் கையும் மேலே இருந்தது.

"அவுகளும் கத்துக்கிடட்டும் மொதலாளி" என்றார் பேச்சியக்கா, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "எம்புட்டு நாளைக்குத்தான் பேசியே பொழைப்பாக?"